ஃபெயில் இல்லாத பாடம்

பள்ளிக்கூடத்தில் எந்த வேலை யார் தலையிலும் விழவில்லையோ, அது தானாக வந்து பி.டி. சார் தலையில் விழும். காலையில் கேட்டில் நின்று தாமதமாக வருகிறவர்களை ஓரங்கட்டுவது, பிரார்த்தனைக்கு வரிசை நிறுத்துவது, மயங்கி விழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஃபேனுக்குக் கீழே படுக்க வைப்பது, பரீட்சை வந்தால் பெஞ்சு டெஸ்க்கை மாடிக்கும் கீழுக்கும் ஏற்றி இறக்குவது, முடி வெட்டாதவன், நகம் வெட்டாதவன், ஷூவுக்குப் பாலிஷ் போடாதவன் என்று ஒவ்வொருவனாகப் பிடித்துப் பஞ்சாயத்துப் பண்ணுவது, சாயங்காலம் கடைசி பஸ் கிளம்புகிற வரைக்கும் வெயிலில் நிற்பது. இதற்கு நடுவில் நேரம் கிடைத்தால் விளையாட்டும் சொல்லிக்கொடுக்கலாம்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் லெஃப்ட்ரைட். அவருக்கும் அது தெரியும். முழங்கால் தேய ஆரம்பித்த பிறகு அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார். "ரைட்டு ரிட்டயர் ஆயிடுச்சு. இப்ப லெஃப்ட்டை வெச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன்." எதிரில் இருப்பவர் சிரித்தால் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காவிட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அதே பள்ளிக்கூடத்தின் மாடியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற டீச்சர் அவருடைய மனைவி. இரண்டு பேரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஸ்டாஃப் ரூமில் பழகி, அங்கேயே பேசி முடித்து, அப்புறம்தான் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொன்னார்கள். சேர்ந்த புதிதில் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. "ரெண்டு வாத்தியார் சம்பளம், ராஜா மாதிரி இருப்பீங்க" என்று கல்யாணத்தில் எல்லோரும் வாழ்த்தினார்கள். வருடம் ஆக ஆக அவளுடைய சம்பளம் படி ஏறிக்கொண்டே போனது. இவருடையது கீழேயே உட்கார்ந்துவிட்டது. இப்போது இவர் வாங்குவதைப் போல மூன்று பங்கு அவள் வாங்குகிறாள்.

காரணம் எளிது. அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டு வகை. பாட ஆசிரியர், இதர ஆசிரியர். கணக்கு, அறிவியல், மொழி எல்லாம் பாடம். விளையாட்டு, ஓவியம், பாட்டு எல்லாம் இதர. ஒரே மணி அடித்தால்தான் இரண்டு வகையும் வகுப்புக்குள் போகும், ஒரே மணி அடித்தால்தான் வெளியே வரும். ஆனால் முதல் வகைக்கு ஆண்டுதோறும் உயர்வு உண்டு, சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு, அவரவர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் காப்பீடு உண்டு, பிள்ளைக்கு ஃபீஸில் சலுகை உண்டு. இரண்டாவது வகைக்குத் தினமும் காலையில் "குட் மார்னிங் சார்" உண்டு. அந்த இதர என்ற வார்த்தையைப் போட்டவர் யாரோ நல்ல கெட்டிக்காரர். வீட்டுச் செலவை எழுதும்போது எங்கே சேர்ப்பது என்று தெரியாததையெல்லாம் கடைசியில் ஒரே வரியில் போட்டு மூடுவோமே, அந்த வரி.

அவர்களுடைய ஒரே மகளும் அங்கேதான் படித்தாள். சலுகை அம்மா பேரில் வந்தது. அப்பாவும் அதே பள்ளியில்தானே வேலை பார்க்கிறார் என்று வகுப்பில் யாரோ கேட்டதற்கு, "அப்பா கிரவுண்டு" என்று பதில் சொல்லியிருக்கிறாள் அந்தக் குழந்தை. வீட்டில் வந்து சொன்னபோது மூன்று பேரும் சிரித்தார்கள். இப்போது அவள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள்.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. பரீட்சை மாதம் பிறந்தால் விளையாட்டுப் பீரியடை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். "சார், ஒரு பீரியட் குடுங்க, பாடம் முடியல, அப்புறம் திருப்பித் தந்துடறேன்" என்று வருவார்கள். பள்ளிக்கூடம் கட்டின நாளிலிருந்து ஒருத்தரும் திருப்பித் தந்த சரித்திரம் இல்லை. எல்லோரையும்விட அதிகமாக வாங்கியது கணக்கு டீச்சர்தான். வீட்டு ஆளிடம் கேட்பதற்குக் கூச்சம் என்ன என்பது அவள் வாதம். அவரும் சிரித்துக்கொண்டே கொடுப்பார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். வரிசையாக மாடி ஏறிப் போகிற பிள்ளைகளின் முகத்தை மட்டும் பார்க்கமாட்டார்.

முழங்கால் விஷயத்துக்கு வருவோம். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூட்டை மாத்தணும். தள்ளிப்போட்டா இன்னொண்ணும் போயிடும்" என்று சொல்லிவிட்டார். ஆபரேஷன் முடிந்து எழுந்து நடமாட மூன்று மாதம் பிடிக்கும். பாட ஆசிரியராக இருந்தால் மூன்று மாதமும் சம்பளம் வரும், செலவைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும், திரும்பி வந்தால் நாற்காலி அதே இடத்தில் இருக்கும். இதர ஆசிரியர் மூன்று மாதம் படுத்தால், நாலாவது நாள் வேறு ஒருவர் விசிலோடு கேட்டில் நிற்பார். இதற்கு முன்னால் பாட்டு டீச்சருக்கு அப்படித்தான் ஆனது. பிரசவத்துக்குப் போனவர் குழந்தையோடு வந்தபோது ஆர்மோனியத்துக்கு முன்னால் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அதனால் பி.டி. சாருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். கால் முழுசாகப் படுப்பதற்குள் பாட ஆசிரியர் வகைக்குப் போய்விட வேண்டும்.

வருடக் கடைசியில் நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டுவிட்டார். அதுவரை அந்தக் கூட்டத்தில் அவர் எழுந்தது நாற்காலி எடுத்துப் போடத்தான். தாளாளர் பொறுமையான மனிதர், யாரையும் சத்தம் போட்டுப் பேசமாட்டார். அதுதான் அவரிடம் உள்ள கஷ்டமே.

"சார், நீங்க உழைக்கலைன்னு நான் சொல்லுவேனா" என்றார் தாளாளர். "ஒரு பையன் கணக்குல ஃபெயிலானா அவங்க அப்பா அம்மா அடுத்த நாள் என் ரூம்ல வந்து உக்காந்துடறாங்க. நான் டீச்சரைக் கூப்பிட்டுக் கேக்கறேன். அந்த டீச்சருக்கு ராத்திரி தூக்கம் வர்றதில்ல. அந்தத் தூக்கத்துக்குத்தான் நான் சம்பளம் குடுக்கறேன். உங்க பாடத்துல இதுவரைக்கும் யாராவது ஃபெயிலாகியிருக்காங்களா? சொல்லுங்க."

யாரோ சிரித்தார்கள். கணக்கு டீச்சர் நாலு நாற்காலி தள்ளி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை, நிமிரவும் இல்லை. வீட்டுக்குப் போகிற வழியில் அவரே கேட்டார், நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று.

"நான் எழுந்து பேசினா புருஷனுக்காகப் பேசறான்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லட்டுமே. புருஷன்தானே."

"அப்புறம் உங்களுக்குக் கூட்டறதுக்கு எங்க சம்பளத்துல குறைப்பாங்க. அது பரவால்லயா?" அவள் கோபமாகச் சொல்லவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்துச் சொன்னாள்.

ஆனால் தாளாளர் சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஃபெயில் இல்லாத பாடம். சரி, ஃபெயில் இருந்தால்? மறுநாள் கேட்டில் நிற்கும்போது அவருக்குப் பொறி தட்டியது. விளையாட்டுக்கும் பரீட்சை வைத்துவிட்டால் அதுவும் பாடம். பாடம் எடுக்கிறவர் பாட ஆசிரியர். இதில் மறுக்க என்ன இருக்கிறது? விடுமுறை முழுக்க உட்கார்ந்து பாடத்திட்டம் தயார் பண்ணினார். எலும்புகள், தசைகள், விளையாட்டு விதிகள், மைதான அளவுகள், முதலுதவி. அவருக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகத் திருத்தினார். எல்லாம் முடிந்ததும் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதை யாரு எடுப்பாங்க?"

"நான்தான். வேற யாரு?"

அவள் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியைப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது என்பதால் அவளுக்கு மனசு வரவில்லை.

தாளாளர் பத்து நிமிடத்தில் ஒத்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் ஒத்துக்கொள்கிற முதலாளியைப் பார்த்தால் புத்தியுள்ளவன் பயப்படுவான். நம்ம ஆள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். அடுத்த வாரமே பள்ளி வாசலில் பெரிய பேனர் ஏறியது. உடற்கல்வி இனி முழுப் பாடம், தனி மதிப்பெண், தனிப் புத்தகம். ஃபீஸிலும் ஒரு வரி கூடியது.

புது வருடம் பிறந்தது. மைதானத்துப் பீரியடில் பாதி வகுப்புக்குள் வந்தது. பி.டி. சார் முதல்முறையாகக் கையில் சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நின்றார். கைப்பந்து மைதானத்தின் நீளம், அகலம், வலையின் உயரம். பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதினார்கள். ஜன்னலுக்கு வெளியே அந்த மைதானமும் வலையும் அப்படியே காலியாக வெயிலில் கிடந்தன. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "சார், வெளிய போய் அளந்தே பாத்துடலாமே" என்றான். "பரீட்சைல அளக்கச் சொல்ல மாட்டாங்க, எழுதத்தான் சொல்லுவாங்க. எழுது" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே அந்தக் குரல் யாருடையது என்று இருந்தது. மாடியில் இருக்கிற எல்லா வாத்தியார்களுடைய குரலும் அது. அதுதானே வேண்டும் என்று தேற்றிக்கொண்டார். தவிர, நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்துவது காலுக்குச் சுகமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

பரீட்சை மாதத்தில் இன்னொரு அதிசயம். மீதி இருந்த மைதானப் பீரியடைக் கேட்டு வந்த டீச்சர்களிடம் அவர் முதல்முறையாக இல்லை என்றார். "எனக்கே பாடம் முடியல" என்றார். என்ன ஒரு சுகம் அந்த வாக்கியத்தில். கணக்கு டீச்சரிடமும் அதையே சொன்னார். அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பரீட்சை நடந்தது. எட்டாம் வகுப்பில் மூன்று பேர் ஃபெயில்.

அவர் சந்தோஷப்பட்டார். இதைச் சொல்லத்தான் வேண்டும். விடைத்தாளைக் கீழே வைத்துவிட்டு, பரீட்சையில் தானே பாஸானதுபோல உட்கார்ந்திருந்தார். அவருடைய பாடத்திலும் ஃபெயில் விழுந்துவிட்டது. நாளைக்கு அப்பா அம்மாக்கள் வருவார்கள், தாளாளர் தன்னைக் கூப்பிடுவார், தனக்கும் ராத்திரி தூக்கம் வராமல் போகும். கணக்கு டீச்சருக்கு உள்ள எல்லா மரியாதையும் ஒவ்வொன்றாக வந்து சேரும்.

அதற்கப்புறம்தான் மூன்று பேர் யார் என்று பார்த்தார். மூன்றாவது, ஓட்டப்பந்தயத்தில் அந்தப் பள்ளியிலேயே யாராலும் தொட முடியாத பெண். காலையில் பஸ் வருவதற்கு முன்னாலேயே வந்து மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவாள். ஓடும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று கேட்ட கேள்விக்கு, "வேர்க்கும்" என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தாள். புத்தகத்தில் அதற்கு ஏழு வரி இருந்தது. ஓட வராது என்று ஓரமாக உட்கார்ந்திருக்கிற குண்டுப் பையன் ஏழு வரியையும் எழுதி வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியிருந்தான்.

அவள் அம்மா வந்தார். தாளாளர் அறையில் சத்தம் எதுவும் போடவில்லை. "விளையாட்டுலயாவது தேறுவான்னு நினைச்சேன் சார். அதுலயும் ஃபெயிலுன்னா இனி காலைல கிரவுண்டு எதுக்கு? படிக்கட்டும்" என்றார். அந்தப் பெண் அம்மாவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து காலையில் மைதானத்தில் யாரும் ஓடவில்லை. பி.டி. சாருக்குக் குற்றவுணர்ச்சி அரித்தது. முதலில் பாட ஆசிரியர் வகைக்குப் போய்விடலாம், அப்புறம் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சரி பண்ணிவிடலாம் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். நாமும்தான் எத்தனை காரியத்தை அந்த 'அப்புறத்'தில் போட்டு வைத்திருக்கிறோம்.

வருடக் கடைசியில் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். ஹெட் மிஸ்ஸும் உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க சார்" என்றார் தாளாளர். அதுவே நல்ல சகுனமாகத் தோன்றியது. "உங்க யோசனை நல்லா ஓடுது. பேரண்ட்ஸுக்கெல்லாம் பிடிச்சிருக்கு. இனி இது முழுப் பாடம். அதனாலதான் ஒரு சின்னச் சிக்கல். பரீட்சைப் பாடம் எடுக்கறவங்களுக்கு டிகிரி வேணும். நீங்க படிச்சது சர்ட்டிஃபிகேட் கோர்ஸ்."

"இருபத்தாறு வருஷமா நான்தானே சார் எடுக்கறேன்."

"அப்ப அது பாடமா இல்லையே சார். இல்லாத வரைக்கும் நீங்க எடுக்கலாம். ஆனதுக்கப்புறம் எப்படி?" தாளாளர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஆய்வுக்கு வர்றவங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

ஹெட் மிஸ் மேசைமேல் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்தார். இந்த வயதில் டிகிரி படிக்க முடியுமா என்று கேட்க வாயெடுத்தார் பி.டி. சார். அந்த டிகிரிக்கு ஓட வேண்டும், தாண்ட வேண்டும், செய்முறைத் தேர்வு உண்டு. மேசைக்குக் கீழே முழங்காலைத் தடவிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டார்.

புது வாத்தியார் வந்தார். இளைஞர், டிகிரி வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நேராகப் பாட ஆசிரியர் வகை. முதல் நாளிலேயே மருத்துவ விடுப்பு, காப்பீடு எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், காய்ச்சல்கூட வராத உடம்புக்கு. கெட்ட பையன் என்று சொல்ல முடியாது. வந்ததும் வராததுமாக இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "எனக்கு எதுவும் தெரியாது, நீங்கதான் கூட இருந்து பாத்துக்கணும் அண்ணே" என்றார். அந்தப் பள்ளியில் வாத்தியார்கள் ஒருவரையொருவர் சார் என்பார்கள். அண்ணே என்று கூப்பிடுவது வாட்ச்மேனையும் பஸ் டிரைவர்களையும். பாசமாகக் கூப்பிடுகிறவனிடம் போய் அப்படிக் கூப்பிடாதே என்று எப்படிச் சொல்வது? ஒரு மாதத்துக்குள் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேருக்கு அவர் அண்ணனாகிவிட்டார்.

வகுப்பறைப் பீரியடெல்லாம் புதியவருக்குப் போய்விட்டதால் இவருக்குப் பீரியட் குறைந்தது. பீரியட் குறைந்ததால் சம்பளமும் குறைந்தது. கேட்டு, வரிசை, பெஞ்சு, பஸ் இதெல்லாம் குறையவில்லை. அந்தக் கணக்கு எப்படி என்று கேட்கப் போனார். "அதெல்லாம் ட்யூட்டி அண்ணே, பீரியட் இல்ல" என்று ஆபீஸ்காரர் விளக்கினார்.

மழைக்காலத்தில் வலது கால் சுத்தமாக மடங்க மறுத்தது. ஒரு சாயங்காலம் பஸ்ஸெல்லாம் கிளம்பின பிறகு கேட்டிலிருந்து ஸ்டாஃப் ரூம் வரைக்கும்கூட அவரால் வர முடியவில்லை. கணக்கு டீச்சர் ஆட்டோவைப் பள்ளிக்குள்ளேயே வரவழைத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சோபாவில் காலை நீட்டிவிட்டு வெந்நீரில் துண்டை முக்கிப் பிழிந்து முழங்காலில் போட்டாள். வீக்கம் பந்துபோல இருந்தது. துண்டை மாற்றிக்கொண்டே சொன்னாள்.

"போதும். அடுத்த வாரம் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிடலாம். நான் பேங்க்ல கேட்டுட்டேன், என் சம்பளத்துக்குக் கடன் தருவாங்க."

"மூணு மாசம் லீவு போட்டா வேற ஆள் போட்டுடுவாங்களே."

"போட்டா போடட்டும்."

"அப்படிச் சொன்னா எப்படி? வேலை போயிடும்மா."

அவள் துண்டை வெந்நீரில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தைக்குச் சொல்வதுபோல அவ்வளவு அன்பாகச் சொன்னாள்.

"இங்க பாருங்க. அதை நெனச்சு ஏன் பயப்படறீங்க? போனா என்ன ஆயிடப்போகுது? உங்க சம்பளத்துல இந்த வீடு என்னைக்குங்க ஓடுச்சு?"

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அதில் சந்தேகமே வேண்டாம். அவர் மனசிலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைக்க வேண்டும் என்றுதான் அவளுக்கு. சொன்னதில் பொய்யும் கிடையாது. வாடகையிலிருந்து மகள் படிப்பு வரைக்கும் எல்லாம் அவள் பணம்தான். அவர் கொடுப்பதை அவள் வாங்கி அலமாரியில் வைப்பாள், சில்லறைச் செலவுக்கு எடுப்பாள், ஒருநாளும் குறைவென்று சொன்னதில்லை. பள்ளிக்கூடம் தனக்குப் போட்ட விலையை இந்த வீட்டுக்குள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்ற நம்பிக்கையில்தான் அவர் இத்தனை வருடம் அந்த வெயிலில் நின்றார். இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுகிற வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா" என்றார். அவள் சமாதானமாகி அடுப்படிக்குப் போனாள். தோசையா சாதமா என்று அங்கிருந்தே கேட்டாள். எதுவானாலும் சரி என்றார்.

மறுநாள் காலையில் அவள் எழுந்து வருவதற்குள் அவர் குளித்து, வெள்ளை பேண்ட் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? தேதி வாங்கலாம்னு பேசினோமே."

"அப்புறம் பாத்துக்கலாம்."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கா?"

"வேற எங்க போறது" என்றார் அவர்.